மயக்க மருந்தும் மறதியும்

ரண சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதன், கத்தியைப் பிடிக்கப் போகிற டாக்டரைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறான். அவர் எங்கே படித்தார், கைராசி எப்படி, முன்கோபியா, சாந்த சுபாவமா என்றெல்லாம் தெரிந்துகொண்ட பிறகே படுக்கிறான். ஆனால் தன்னைத் தூங்கச் செய்து, அத்தூக்கத்தில் மூச்சு நின்றுவிடாமல் காத்து, மறுபடியும் எழுப்பிவிடப் போகிறவர் யார் என்று அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றும்போது தூங்கிப் போய்விடுகிறார்கள்!

நம் நாட்டில் இந்தப் பொறுப்பு, அதற்கென்றே படித்த டாக்டர்களுடையது. அமெரிக்காவிலோ டாக்டர்களுடன் நர்ஸுகளும் நூறாண்டுக்கு மேலாக இதைச் செய்து வருகிறார்கள். பல சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் அவர்களை விட்டால் வேறு ஆளே கிடையாது. இந்த ஏற்பாடு வந்த விதம் சுவாரசியமானது. 1846-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியில்லாமல் சிகிச்சை நடைபெறும்படி செய்து காட்டினார். அதன் பிறகு அந்த வேலை, பக்கத்தில் நிற்கும் இளம் மாணாக்கர் எவரிடமாவது ஒப்படைக்கப்பட்டது. மாணாக்கருக்கோ கண்ணெல்லாம் கத்தியின் மேல்! நோயாளியின் முகத்தைப் பார்ப்பார் இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காரக் கூடியவர் வேண்டுமென்று தேடியபோதுதான் கன்னிமாடத்துச் சகோதரிகளின் நினைவு வந்தது. 1877-ல் பென்ஸில்வேனியாவில் ஈரி என்னும் ஊரில் மேரி பெர்னார்டு என்ற சகோதரி இப்பணியை ஏற்றார். மின்னஸோட்டாவில் ஆலிஸ் மகா என்ற அம்மையார், முகமூடித் துணியின்மீது ஈதரைத் துளித்துளியாக விடும் முறையில் 14,000-க்கு மேற்பட்டவர்களைத் தூங்கச் செய்தார். மயக்க மருந்தினால் அவர்களில் ஒருவரும் இறக்கவில்லை என்று 1906-ல் அவரே எழுதி வெளியிட்டார். இது டாக்டரின் வேலையா, நர்ஸின் வேலையா என்ற வழக்கு நீதிமன்றத்துக்கும் போயிற்று. 1936-ல் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் நர்ஸின் பக்கம் தீர்ப்பளித்தது.

அதற்கு முன்பே, 1931-ல், அகதா ஹாட்ஜின்ஸ் என்ற அம்மையாரின் தலைமையில் இவர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. 1945-ல் முதல் தகுதிப் பரீட்சை நடந்தது. அக்காலத்தில் ஒருமுறை தேறினால் ஆயுள் முழுவதும் கவலையில்லை. 1970-களின் இறுதியில்தான் அந்த நிம்மதி போயிற்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 40 மணி நேரம் தொடர்ந்து படித்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் சான்று புதுப்பிக்கப்படும் என்று விதி வந்தது.

தினமும் நாலைந்து பேரைத் தூங்கச் செய்து எழுப்புகிறவருக்கு இன்னும் என்ன படிப்பு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தினமும் செய்கிற வேலை மறந்து போகாது. அபாயம் வருவது, தினமும் நடவாத காரியத்தினால்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். மிகச் சிலருடைய பிறவிக் கூறில் ஒரு விசித்திரமான குறை இருக்கிறது. சில மயக்க மருந்துகள் உள்ளே போனதும் அவர்களுடைய தசைகள் கட்டுக்கடங்காமல் எரியத் தொடங்குகின்றன. மூச்சில் கரியமில வாயு ஏறுகிறது, நாடி ஓடுகிறது, உடம்பு கட்டையாக விறைக்கிறது, பிறகு ஜுரம் கொதிக்கிறது. 1960-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டென்பரோ, லவெல் என்ற இருவர் இதைப் பற்றி எழுதினார்கள். அந்நாட்களில் இது கண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1979-ல் டான்ட்ரோலீன் என்னும் மருந்து, ஊசி வழியாக ஏற்றும் வடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அது தூளாக இருந்தது. ஒரு புட்டியில் 20 மில்லிகிராம். அதை 60 மில்லிலிட்டர் நீரில் குலுக்கிக் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள மனிதருக்கு முதல் தடவைக்கே 175 மில்லிகிராம், அதாவது ஒன்பது புட்டிகள் வேண்டும். நோயாளி விறைத்துக் கிடக்கையில் ஒன்பது புட்டிகளைக் குலுக்குவதென்றால் எத்தனை கைகள் வேண்டும் பாருங்கள்! 2014-ல் வேறொரு வகை வந்தது. அதில் 250 மில்லிகிராம் மருந்தை 5 மில்லிலிட்டர் நீரில் கலக்கலாம். முதல் தடவைக்கு ஒரே புட்டி போதும்.

இந்த வியாதியைத் தம் உத்தியோக காலம் முழுவதிலும் ஒருமுறைகூடக் காணாத நர்ஸுகள் அநேகர். ஆனால் கண்டால், அந்த நிமிஷமே அடையாளம் தெரிய வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் படித்தவருக்கு வியாதி மறந்து போயிருக்கலாம். நினைவிருந்தாலும், அவருக்குத் தெரிந்தது பழைய புட்டிதான்.

ஆகவே படிக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. படித்தார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் தகராறு. 40 மணி நேரக் கணக்கைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கும் பாடம் காதில் விழுவதற்கும் உள்ள தூரத்தை உபாத்தியாயர்கள் நன்கு அறிவார்கள். சான்று வழங்கும் சபையாருக்கும் இது தோன்றியிருக்கக் கூடும். 2016-ல் அவர்கள் புதிய திட்டம் கொண்டு வந்தார்கள். நான்கு ஆண்டுக்கு 100 மதிப்பெண் அளவுக்குப் படிப்பும் பணியும். அவற்றில் 60, கற்றதைச் சோதித்துப் பார்க்கும் வகுப்புகளாக இருக்க வேண்டும். அதோடு எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பரீட்சை.

பரீட்சை என்ற சொல் கிளம்பியதும் பெரிய ஆட்சேபம் எழுந்தது. இருபத்தைந்து வருஷம் பிழையின்றி வேலை பார்த்த அம்மாள், ஒரு நாள் காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தடுமாறினால் ஜீவனம் போய்விடுமா என்று கேட்டார்கள். தேறாவிட்டால் சான்று பறிக்கப்படாது, குறைவான பகுதியில் கூடுதலாகப் படித்தால் போதும் என்று பிறகு சமாதானம் சொல்லப்பட்டது. சோம்பேறித்தனமான கூச்சல் என்று இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. நோயாளியின் உயிர் பெரிது. உழைக்கிறவரின் சோறும் சிறிதல்ல. மேலும் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் பரீட்சைக்கு மனிதர் எப்போது படிப்பார்? ஏழாம் வருஷம் பதினோராம் மாதத்தில்தான். பள்ளிப் பிள்ளைகளிடம் நான் பார்க்காததா!

இப்போது அந்தப் பெரிய பரீட்சையைக் கைவிட்டு, காலாண்டுதோறும் சில வினாக்களை அனுப்பும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே விடை எழுதலாம். தவறானால் ஏன் தவறு என்ற விளக்கம் உடனே கிடைக்கும். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற பண்டிதர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-ல் வெளியிட்டார். கற்ற பாடம் முதல் சில நாட்களிலேயே வேகமாக நழுவுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்று கண்டார். அமெரிக்க நர்ஸுகளின் விஷயத்தில் இது விதியாக வர நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பரவாயில்லை, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தினந்தோறும் முறை சொல்லச் செய்த நம்முடைய வாத்தியாரை எபிங்ஹாஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு குறை மட்டும் பாக்கி இருக்கிறது. வினாத்தாளுக்கு விடை சொல்வது மூளை; புட்டியைக் குலுக்குவது கை. அதற்காகக் காலாவதியான டான்ட்ரோலீன் புட்டிகளை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, ஒத்திகை நாளில் நர்ஸுகளிடம் கொடுத்துக் கரைத்துப் பழகச் செய்யும் ஆஸ்பத்திரிகள் அங்கே இருக்கின்றன.