விடைக்குத் தமிழ் உண்டு, வினாவுக்கு இல்லையா?

மனுச் செய்தவர்கள் 9,92,599 பேர். தேர்வு மண்டபத்துக்குள் நுழைந்தவர்கள் 5,83,213 பேர். முதல் வாயிலைக் கடந்தவர்கள் 14,627 பேர். நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,845 பேர். பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். 2024ஆம் ஆண்டுக்கான குடிமைப் பணித் தேர்வின் கணக்கு இது. ஐ.ஏ.எஸ். பரீட்சை என்று ஊரும் உலகமும் அழைக்கும் அந்தத் தேர்வின் கணக்கு!

மனுப் போட்டவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருவர்தான் கரையேறுகிறார். போட்டி கடுமையானது என்பதற்காக நாம் புலம்பவில்லை. இடம் கொஞ்சம், நாடுவோர் அதிகம் என்றால் போட்டி இருக்கத்தான் செய்யும். நாம் கேட்பது வேறு. ஓடுகிற அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில்தான் கோடு போட்டிருக்கிறார்களா? அல்லது சிலருக்கு மட்டும் கோட்டை நாலு முழம் முன்னே தள்ளிப் போட்டுவிட்டு, பின்னே நிற்பவனைப் பார்த்து, "தகுதி இருந்தால் முந்திக்கொள்" என்கிறார்களா?

இந்தக் கேள்வி புதிதல்ல. பரீட்சை பிறந்த நாளிலேயே பிறந்த கேள்வி இது.

1855இல் இலண்டன் மாநகரில் இந்த ஆட்சிப் பணிக்கு முதல் போட்டித் தேர்வு நடந்தது. ஆளப்போவது இந்திய நாட்டை. பரீட்சை நடப்பதோ தேம்ஸ் நதிக்கரையில்! கடல் கடந்து போகக் காசுள்ளவன், சாதி விலக்குக்கு அஞ்சாதவன் மட்டுமே அங்கே போக முடியும். போனாலும் என்ன? கிரேக்க மொழிக்கு 750 மதிப்பெண், இலத்தீனுக்கு 750 மதிப்பெண். சமஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. கிரேக்கம் படித்தவனுக்குத் தஞ்சைத் தரணியின் வாய்க்கால் வழக்கைத் தீர்க்கும் திறமை இருமடங்கு வந்துவிடும் போலும்! 1870களில் 21ஆக இருந்த வயது வரம்பை 19ஆகக் குறைத்தார்கள். இந்திய மாணவன் ஆங்கிலம் கற்று, கல்லூரி கண்டு, கப்பல் ஏறுவதற்குள் வயது கடந்துவிட வேண்டும் என்பதே அதன் விளைவு. சுரேந்திரநாத் பானர்ஜி ஊர் ஊராகச் சென்று அதைக் கண்டித்து முழங்கினார்.

பரீட்சையை இந்திய மண்ணிலும் ஒரே சமயத்தில் நடத்துங்கள் என்று கேட்டனர் நம்மவர். 1893இல் பிரிட்டிஷ் மக்கள் சபையே அப்படி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. நிறைவேற்றி? கட்டிப் பரண்மேல் போட்டார்கள்! 1922ஆம் ஆண்டில்தான் அலகாபாத்தில் முதன்முதலாக அந்தத் தேர்வு நடந்தது. தீர்மானத்துக்கும் செயலுக்கும் நடுவே 29 ஆண்டுகள். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் பயன்படும்.

வெள்ளையனை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை 1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை சொன்னது. சென்னை மாகாண சிவில் சர்வீசுக்கு 1892 முதல் 1904 வரை நடந்த போட்டித் தேர்வுகளில் வென்றவர்கள் 16 பேர். அவர்களில் 15 பேர் பார்ப்பனர்! அலெக்சாண்டர் கார்டியூ என்ற ஆங்கில அதிகாரி விசாரணைக் குழுவின்முன் 1913இல் எடுத்துவைத்த கணக்கு அது. மாகாணத்தில் உழுதவனும் நெய்தவனும், மீன் பிடித்தவனும் மரம் ஏறியவனும், செக்கு ஓட்டியவனும் மண் சுமந்தவனும் சேர்ந்து மூளை பெற்றது ஒரே ஒரு இடத்துக்குத்தானா? மூளைக் குறைவு என்றா அதற்குப் பொருள்? இல்லை. பள்ளியின் கதவு ஒரு தெருவுக்கு மட்டும் திறந்திருந்தது. பரீட்சை அந்தத் தெருவின் பாடத்தையே கேட்டது. அதற்குச் சூட்டிய பெயர்தான் தகுதி.

அந்தப் பெயரை முதலில் உரித்துக் காட்டியது நீதிக்கட்சி. வகுப்புவாரி உரிமைக்கு ஆணை பிறப்பித்தது அந்த இயக்கத்தின் காலம். மாகாண அளவில் நாட்டிலேயே முதலாவதாகச் சென்னையில் சர்வீஸ் கமிஷன் அமைந்தது 1929இல். இன்று குக்கிராமத்துப் பிள்ளை ஒருத்தி தாசில்தார் நாற்காலியில் அமர்ந்து கையெழுத்துப் போடுகிறாள் என்றால், அந்தப் பேனாவுக்கு மை ஊற்றியது யார் என்பதை அவள் அறிந்திருக்க வேண்டும்.

சரி, இன்றைய நிலை என்ன? கப்பல் ஏற வேண்டியதில்லை, மெய்தான். கிரேக்கம் படிக்க வேண்டியதில்லை, அதுவும் மெய்தான். ஆனால் கோடு நேராகிவிட்டதா?

முதனிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம். 100 கேள்விகள். ஒரு கேள்விக்கு 72 வினாடி. கேள்வி என்றால் ஒற்றை வரியல்ல. மூன்று கூற்றுகளை அடுக்கி, இவற்றில் எத்தனை சரி என்று கேட்பார்கள். தவறாக எழுதினால், பெற வேண்டிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். "மட்டும்" என்ற ஒரு சொல்லை, "அல்லாதது" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஓராண்டு உழைப்பு போயிற்று!

அந்த வினாத்தாள் எந்த மொழியில் இருக்கிறது? ஆங்கிலத்தில் இருக்கிறது. இந்தியில் இருக்கிறது. தமிழில் இல்லை. தெலுங்கில், கன்னடத்தில், மலையாளத்தில், வங்கத்தில், மராத்தியில் இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் கொலுவிருக்கின்றன. வினாத்தாளில் இடம் அவற்றுள் இந்திக்கு மட்டும்!

இரண்டாம் கட்டமான முதன்மைத் தேர்வில் விடையைத் தமிழில் எழுதலாம் என்கிறார்கள். நேர்முகத்திலும் தமிழில் பேசலாம் என்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் மொழித்தாளையும் இலக்கியத் தாளையும் விட்டுவிட்டால், மற்ற வினாக்கள் அங்கேயும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. இஃதென்ன விந்தை! விடைக்குத் தமிழ் ஆகும், வினாவுக்குத் தமிழ் ஆகாதா? பந்தியில் உட்காரலாம், இலையும் போடுவோம், பரிமாறுவது மட்டும் பக்கத்து இலைக்கு என்பது எந்த ஊர் விருந்து?

அலிகாரிலும் ஆக்ராவிலும் உள்ள ஏழை மாணவன் 72 வினாடியையும் சிந்திக்கச் செலவிடுகிறான். அரியலூர் மாணவன் பாதியை மொழிபெயர்க்கச் செலவிட்டு, மீதியில் சிந்திக்கிறான். அந்த இந்தி மாணவன்மீது நமக்குப் பகை இல்லை, பொறாமையும் இல்லை. 2014இல் அந்த மாணவர்களே டில்லி வீதியில் இறங்கி, திறனறித் தாள் ஆங்கிலவழி படித்தவர்க்கும் பொறியியல் படித்தவர்க்கும் சாதகம் என்றும், இந்தி மொழிபெயர்ப்பு புரியும்படி இல்லை என்றும் போராடினார்கள். அந்தத் தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்று 2015இல் டில்லி இறங்கி வந்தது. அவன் துன்பம் டில்லியின் காதில் விழுந்தது. நம் துன்பமும் விழ வேண்டும் என்கிறோம். அவ்வளவே.

"அகில இந்தியப் பணிக்கு வருகிறவனுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். தெரிய வேண்டும். ஆங்கிலத்தை விரட்டச் சொன்ன இயக்கமல்ல இது. ஆனால் ஆங்கில அறிவைச் சோதிக்க முதன்மைத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குத் தனியே ஒரு தாள் இருக்கிறதே! அதில் 25 விழுக்காடு எடுத்தால் போதும் என்று வரம்பும் இருக்கிறதே! பத்தாம் வகுப்புத் தர ஆங்கிலம் போதும் என்று சட்டம் எழுதிவிட்டு, வரலாறு கேட்கும்போதும் ஆங்கிலம், வானிலை கேட்கும்போதும் ஆங்கிலம், வரவு செலவு கேட்கும்போதும் ஆங்கிலம் என்று வாசல்தோறும் அதே சோதனையை நடத்துவானேன்? அதிலும் இந்தி அறிந்தவனுக்கு மட்டும் அந்தச் சோதனையிலிருந்து விலக்களிப்பானேன்?

நாம் கேட்பது பிச்சை அல்ல; பாக்கி. 1965இல் தமிழகத்து மாணவர்கள் கொதித்தெழுந்தபோது அவர்கள் நெஞ்சில் எரிந்த கேள்விகளில் ஒன்று இதுதான்: டில்லி வேலைக்கான தேர்வு இந்திக்கு மாறினால் எங்கள் கதி என்ன? அந்த நெருப்பின் வெப்பம் பட்ட பிறகுதான் நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. 1968 ஜனவரியில் வெளியான ஆட்சிமொழித் தீர்மானம் அது. அகில இந்தியப் பணிகளுக்கும் மேனிலை மத்தியப் பணிகளுக்கும் நடத்தும் தேர்வுகளில், தேர்வாணையத்தின் கருத்தை அறிந்த பிறகு, எட்டாவது அட்டவணை மொழிகள் அனைத்தும் ஆங்கிலத்தோடு மாற்று மொழிகளாக அனுமதிக்கப்படும் என்றது அந்தத் தீர்மானம். கோத்தாரி குழுவின் பரிந்துரைக்குப் பின், 1979இல் விடை எழுத மட்டும் அனுமதி வந்தது. அதே 1979இல்தான் முதனிலைத் தேர்வு என்ற புது வாயிலும் வைக்கப்பட்டது. அந்த வாயிலில் தமிழ் வினாத்தாள் இல்லை.

29 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? மக்கள் சபைத் தீர்மானத்தை இலண்டன் 29 ஆண்டு உறங்கவிட்டது. டில்லியின் உறக்கமோ அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது! தூங்குவதில் வெள்ளையனை வென்றுவிட்டார்கள்.

உறக்கத்தில் ஒருமுறை கைநீட்டி, இருந்ததையும் பறிக்கப் பார்த்தார்கள். 2013 மார்ச்சில் வந்த அறிவிப்பு அது. பட்டப்படிப்பைத் தமிழ்வழியில் படித்தவன்தான் தமிழில் எழுதலாமாம். அப்படி எழுத குறைந்தது 25 பேர் சேர வேண்டுமாம்! கட்சி வேறுபாடு பாராமல் தமிழகம் சீறியது. சில நாட்களுக்குள் அறிவிப்பு நிறுத்திவைக்கப்பட்டது. உரிமை என்பது ஒருமுறை வாங்கி, பெட்டியில் பூட்டி வைக்கும் நகையல்ல. நாளும் காவல் காக்க வேண்டிய பயிர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

"இத்தனை மொழிகளில் வினாத்தாள் அச்சிடுவது இயலுமா?" என்பது அடுத்த வாதம். மருத்துவக் கல்லூரிக்கு நடத்தும் நீட் தேர்வை நாம் ஏற்றதில்லை. ஆயினும் அந்தத் தேர்வின் வினாத்தாளையே 13 மொழிகளில் தருகிறார்களே, அது எப்படி இயன்றது? ஒன்றியக் காவல் படைகளில் காவலர் பணிக்கான தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் என்றிருந்தது. முதலமைச்சர் என்ற முறையில் மு.க. ஸ்டாலின் 2023 ஏப்ரலில் கண்டனக் கடிதம் எழுதினார். அதே மாதத்தில், 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் அத்தேர்வு நடக்கும் என்று உள்துறை அறிவித்தது. துப்பாக்கி ஏந்தித் தெருவில் நிற்பதற்குத் தமிழில் கேட்கலாம். கோப்பைப் பிரித்து நாற்காலியில் அமர்வதற்குத் தமிழில் கேட்கலாகாது! சிப்பாய்க்கு ஒரு நீதி, கலெக்டருக்கு ஒரு நீதியா? மனம் இருந்தது, வழி பிறந்தது. இங்கே மனம் இல்லை.

இன்னொரு கூத்தையும் காணுங்கள். முன்வாயிலில் இத்தனை காவல் போட்டவர்கள், 2024 ஆகஸ்டில் பின்வாயிலைத் திறந்தார்கள். இணைச் செயலாளர், இயக்குநர் போன்ற 45 உயர் பதவிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வும் இல்லாமல், இடஒதுக்கீடும் இல்லாமல் வெளியாட்களை நேரடியாக எடுக்க விளம்பரம் வந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மூன்றே நாளில் விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. உழவன் மகன் வந்தால் "தகுதி எங்கே?" என்று கேட்கும் வாய், அப்போது மட்டும் எங்கே போயிற்று?

பரீட்சைக்குப் படிப்பதும் இன்று பெரும் செலவுள்ள தொழிலாகிவிட்டது. டில்லிப் பயிற்சி மையம், விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று இலட்சக்கணக்கில் விழுங்குகிறது. 2024 ஜூலை 27 அன்று டில்லி பழைய ராஜேந்திர நகரில், நிலவறைக்குள் நடத்தப்பட்ட படிப்பகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று இளம் உயிர்கள் மாண்டன. நாட்டை ஆளப் படித்த பிள்ளைகளைத் தெருவில் தேங்கிய தண்ணீர் கொன்றது! படிக்க ஓர் இடம் கொடுக்க வக்கில்லாத அமைப்பு, பரீட்சை வைக்க மட்டும் தெரிந்து வைத்திருக்கிறது.

அதனால்தான் நூலகங்களை நாம் கோட்டை என்கிறோம். 2010இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும், 2023இல் மதுரையில் எழுந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போய்ப் பாருங்கள். வீட்டில் தனியறை இல்லாத பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து, மின்விசிறியின் கீழ் அமர்ந்து, காசின்றிப் படிக்கிறார்கள். "நான் முதல்வன்" திட்டத்தில் 2023இல் தொடங்கி, தேர்வு வைத்து ஆயிரம் பேரைப் பொறுக்கி, முதனிலைக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்கும், அதில் வென்றால் மேலும் 25,000 ரூபாயும் தமிழ்நாட்டு அரசு வழங்கியது. போற்றுகிறோம். போற்றுவதோடு நிற்க மாட்டோம். எந்த ஆட்சி அமர்ந்தாலும் இந்த உதவி குறையக்கூடாது, பெருக வேண்டும். அத்தகைய படிப்பகம் வட்டத்துக்கு ஒன்று வேண்டும். இரவு பத்து மணி வரை அது திறந்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகள் அச்சமின்றி வீடு திரும்பப் பேருந்து வேண்டும். கலைச்சொல் வழுவாத நல்ல தமிழ்ப் பாடநூல்கள் வேண்டும். தமிழில் எழுதலாம் என்ற உரிமை, தமிழில் படிக்க நூலில்லாவிட்டால் ஏட்டுச் சுரைக்காய்தானே!

தேர்வுக்குப் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சில சொல். நாள்தோறும் ஏடு படியுங்கள். ஒரு செய்தியை மூன்று கோணத்தில் பாருங்கள். படித்ததை எழுதிப் பாருங்கள். எழுதாத படிப்பு தண்ணீர்மேல் கோலம். மாநிலத் தேர்வாணையத்தின் வினாத்தாள் தமிழிலும் வருகிறது, தமிழ்வழி படித்தவர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமையும் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கதவையும் தட்டுங்கள். வயதை எல்லாம் ஒரே பரீட்சைக்குப் பலியிடாதீர்கள். ஆயிரத்தில் ஒருவர் வெல்லும் களத்தில் தோற்பது இழிவல்ல. முயன்றவன் கற்றது எங்கே போய்விடும்? ஊராட்சியிலும் பள்ளியிலும் பத்திரிகையிலும் தொழிலிலும் அந்த அறிவுக்கு வேலை இருக்கிறது.

வென்று நாற்காலியில் அமர்ந்தவர்க்கு ஒரே சொல். அது சிம்மாசனம் அல்ல. மனுவோடு வாசலில் நிற்கும் மூதாட்டி உன் பாட்டி. அவளை உட்காரச் சொல்; அவள் மொழியில் பேசு.

டில்லிக்கு நாம் கூறுவது இது. 1968இல் கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள். முதனிலை, முதன்மை இரண்டுக்கும் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வினாத்தாள் தாருங்கள். சலுகை வேண்டோம், கோட்டை நேராகப் போடுங்கள். ஓடிக் காட்ட எம் பிள்ளைகளுக்குத் தெரியும்.