ஆயிரம் வாட்ஸ் எங்கிருந்து வரும்?

தருமபுரியோ அரூரோ பாலக்கோடோ, அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர் செட் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது ‘எத்தனை வாட்ஸ்?’ என்பதுதான். முகப்பு ஸ்டிக்கர் 1000 என்கிறது. ஓரத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. (உச்ச இசைத் திறன்). மூடியைக் கழற்றினால் ஒரு 4440 ஐசி போர்டும் 12 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினால் 60. அதிலும் ஒரு பங்கு ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். அந்த ஐசியைத் தயாரித்த சான்யோவின் டேட்டா ஷீட்டே 13.2 வோல்ட்டில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜ் செய்தால் 19 வாட் என்றுதான் சொல்கிறது. மீதி 981 வாட் ஸ்டிக்கர் அச்சடித்த இடத்தில்தான் உற்பத்தியாகிறது. பி.எம்.பி.ஓ.வை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு நெறி கிடையாது. யாரும் எதையும் எழுதலாம். இந்தக் கூத்தை அமெரிக்க வர்த்தக ஆணையம் 1974-இலேயே விதி போட்டு அடக்கியது: வீட்டு ஆம்ப்ளிஃபயரை விளம்பரம் செய்தால், தொடர்ந்து தரும் வாட்ஸைச் சொல்லியாக வேண்டும்.

இது மலிவுச் சந்தையின் நோய், லட்சங்களில் புரளும் ஹை-எண்ட் உலகம் வேறு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அங்கே ஸ்டிக்கருக்குப் பதில் ஒயர், அவ்வளவுதான். 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்தால், போக வர 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறையும் ஒலி 0.1 டெசிபெல்கூட இல்லை. அரை லட்சம் கொடுத்து வாங்கும் ஒயர் இந்த இழப்பை முழுதாகவே நீக்கினாலும் காதுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் ஒயர் எதுவானாலும் ஒன்றுதான் என்பதும் தவறு. 0.5 சதுர மி.மீ. ஒயரை 10 மீட்டர் இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டினால் 1.4 டெசிபெல் போய்விடும். அது காதுக்கே தெரியும். ஒயரின் பருமனும் நீளமும் பொறியியல்; அதன்மேல் சுற்றிய பட்டு உறை வியாபாரம்.

‘மீட்டர் என்ன சொன்னால் என்ன, காதுதானே கடைசித் தீர்ப்பு’ என்பார்கள். சரி, காதையே கேட்போம். 1994-இல் ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நான்கு ஸ்பீக்கர்களை ஒரே ஆட்களிடம் திரைக்குப் பின்னாலும் கண்முன்னும் வைத்துக் கேட்கச் செய்தார்கள். கண்ணில் பட்டதும் மதிப்பெண்கள் மாறின. சிறிய, மலிவான செட் கீழே இறங்கியது. தேங்காயைக் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பவர் நிலத்தின் மேடு பள்ளத்தையும் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார். ஆடியோ ரசிகரும் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார். 2022-இல் இன்னொன்றும் வெளிவந்தது. முழு அனலாக் என்று நம்பி ரசிகர்கள் கொண்டாடிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் பலவற்றில், பல ஆண்டுகளாகவே நடுவில் டிஜிட்டல் பதிவு இருந்திருக்கிறது. எத்தனையோ தங்கக் காதுகள் அதுவரை அந்தத் தட்டுகளைப் புகழ்ந்துகொண்டுதான் இருந்தன.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. முதலில் நம் தரப்புச் சான்று: மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் சிடி தரத்தையும் பிரித்தறிய நடந்த 554 முயற்சிகளில் சரியானவை 276. காசு சுண்டிப் போட்டாலும் இதே விடைதான். ஆனால் 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்குச் சிறிய, ஆனால் மெய்யான வித்தியாசம் தெரிவதாகவே வந்தது. வால்வ் ஆம்ப்ளிஃபயர் வேறு மாதிரி ஒலிப்பதும் கற்பனை இல்லை. அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்கும்போது ஒலியும் கூடவே ஏறி இறங்குகிறது. ஆனால் இதில் எதுவும் மீட்டருக்கு அப்பாற்பட்ட மர்மம் அல்ல. வால்வின் வித்தியாசத்தை நம் மேசையிலேயே அளந்து காட்டலாம்.

மர்மம் தேடுகிறவர்கள் அறையில் தேடட்டும். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, 10 அடி அகலம், 10 அடி உயரம்: நம் ஊர் வீடுகளில் இப்படி எத்தனை அறைகள்! அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒத்ததிர்வு ஒரே 56 ஹெர்ட்ஸில்; இரண்டும் சேர்ந்து அங்கே பேஸ் பூதமாக எழும். சப்வூஃபரை மூலையிலிருந்து நகர்த்தி, தடித்த மெத்தையும் துணியலமாரியும் போட்டால் கிடைக்கும் மாற்றத்தை எந்த ஒயரும் தராது. மெத்தைக்குக் கமிஷன் இல்லை என்பதால் கடையில் யாரும் சொல்வதில்லை.

‘பக்கத்துக் கடைக்காரர் 1000 என்று எழுதும்போது நான் 20 என்று எழுதினால் யார் வாங்குவார்?’ என்ற கேள்வி நியாயமானது. ஒரு 8 ஓம் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை லோடாக மாட்டி, 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் கொடுங்கள் (மலிவு மல்டிமீட்டர் ஏசி வோல்ட்டை 400 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பிக்கையாகக் காட்டாது). சிறிய ஆசிலோஸ்கோப்பில் அலையின் தலை தட்டையாவதற்குச் சற்று முன் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் வந்தால் அது 20 வாட். பில்லில் ‘20 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்., 8 ஓம்’ என்றே எழுதுங்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபெல் தரும் ஸ்பீக்கரை அந்த 20 வாட்டில் ஓட்டினால் 101 டெசிபெல் வரும். கடைக்குள் பேச்சுக் குரல் கேட்காது. அதை வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். அதே ஸ்பீக்கரில் மெய்யாகவே 1000 வாட் போனால் அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது கருகிய காயிலைத்தான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.