'ஹோம்லி' பெண்

பெண்ணுக்கு வரன் தேடி ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கப் போகிறீர்களா? 'ஹோம்லி' என்று எழுதுமுன் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

குடும்பப் பாங்கானவள், அடக்கமானவள் என்று நினைத்துத்தானே அந்தச் சொல்லைப் போடுகிறோம்? லண்டன்வாசி அதைப் பெரும்பாலும் வீட்டுக்கும் சாப்பாட்டுக்குமே சொல்வார். ஆடம்பரமில்லாத, இதமான என்று அர்த்தம். அமெரிக்காவிலோ வம்பு! அங்கே 'ஹோம்லி' பெண் என்றால் லட்சணமில்லாதவள். மாப்பிள்ளை அங்கேயே பிறந்து வளர்ந்தவராயிருந்தால் என்ன நினைப்பார்? பெற்றவர்களே காசு கொடுத்து அச்சிட்ட அவதூறு!

அமெரிக்கர்கள் கற்பித்த அர்த்தமல்ல இது. 1634-ல் இங்கிலாந்தில் லட்லோ கோட்டையில் மில்டனின் 'கோமஸ்' நாடகம் நடந்தது. அழகில்லாத முகங்கள் வீட்டோடு கிடக்கட்டும், அழகிகள் சபைக்கு வரவேண்டும் என்று அதில் ஒரு மந்திரவாதி வாதாடி, ஒரு பெண்ணை மயக்கப் பார்க்கிறான். (அவள் மசியவில்லை!) அழகின்மைக்கு அவன் சொல்லும் சொல் இதுவேதான். பிறந்த ஊரில் அந்த அர்த்தம் மங்கிவிட்டது. கடல் கடந்த இடத்தில் நிலைத்துவிட்டது.

சமைப்பாள் என்றால் சமைப்பாள் என்றே எழுதுங்கள். படித்தவள் என்றால் என்ன படிப்பு என்று சொல்லுங்கள். ஆமாம், மாப்பிள்ளையை மட்டும் யாரும் 'ஹோம்லி' என்று விளம்பரம் செய்வதில்லையே, கவனித்தீர்களா?