ஏ.ஆர்.டி. மாத்திரை உடம்பைக் கெடுக்குமா?

"அந்த மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடம்பு தாங்குகிறவரை தள்ளிப்போடு." எச்.ஐ.வி. உறுதியானவருக்கு, அந்த வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்தைப் பற்றி, மருத்துவரை முந்திக்கொண்டு வந்துசேரும் அறிவுரை இது. இதிலுள்ள வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. 'பக்கவிளைவு கடுமை.' பழைய மருந்துகளுக்கு இது பொருந்தும். 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கிய காலத்துக் கூட்டு மருந்தில் ஸ்டாவுடின் இருந்தது. பாதம் எரியும், கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும், பார்த்ததுமே ஊர் கண்டுபிடித்துவிடும். அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒரு வேளை. சிலருக்கு எடை கூடும், தூக்கம் கெடும். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைத் தொடக்கூடும் என்பதால்தான் ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மருந்தை மாற்றுகிறார்கள்.

2. 'நன்றாகத்தானே இருக்கிறேன், மருந்து எதற்கு?' 'ஸ்டார்ட்' ஆய்வில் 35 நாடுகளிலிருந்து சேர்ந்த 4,685 பேருக்கும், நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4-இன் எண்ணிக்கை 500-க்கு மேல். பாதிப் பேர் உடனே மருந்தைத் தொடங்கினார்கள். மற்றவர்கள் எண்ணிக்கை 350-க்கு இறங்கும்வரை காத்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு 57 சதவீதம் குறைந்தது. 2015-ல் முடிவு தெரிந்ததும், காத்திருந்தவர்களுக்கும் சிகிச்சை அளிக்கச் சொன்னார்கள்.

3. 'இடையிடையே நிறுத்தினால் உறுப்புகள் தப்பும்.' இதையும் 5,472 பேரிடம் சோதித்தாயிற்று. 2006-ல் வெளியான 'ஸ்மார்ட்' ஆய்வில், சிடி4 நன்றாக இருந்தபோது மருந்தை நிறுத்திவைத்தவர்களிடையே இறப்பு கூடியது. எந்த உறுப்புகளைக் காப்பாற்ற நிறுத்தச் சொல்கிறார்களோ, அதே கல்லீரல், சிறுநீரக நோய்களும் இதய நோயும்கூட மருந்தை நிறுத்தியவர்களுக்குத்தான் அதிகம் வந்தன. மருந்தில்லாத வேளையில் வைரஸ் பெருகி, உடம்பை ஓயாத அழற்சியில் வைத்திருக்கிறது.

4. 'சாப்பிட்டாலும் பரவத்தானே செய்யும்?' ஐரோப்பாவின் 'பார்ட்னர்' ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 782 ஆண் இணையர்களைக் கவனித்தார்கள். மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தது, ஆணுறை அணியவில்லை. 2019-ல் முடிவு வந்தது: துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவர்கூட இல்லை.

தள்ளிப்போட நியாயமான காரணமும் உண்டு. காசநோய்க் கிருமியாலோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலோ மூளைக்காய்ச்சல் வந்திருந்தால், முதலில் அதற்கு மருந்து, ஏ.ஆர்.டி. சில வாரம் கழித்து. அந்தக் கணக்கைப் போடவேண்டியவர் மருத்துவர். மற்றபடி, சிடி4 எத்தனை என்று பாராமல் எல்லோருக்கும் சிகிச்சை என்பது இந்தியாவில் 2017 முதலே நடைமுறை, அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் அதற்குக் காசும் இல்லை.