கருவிக்குத் தெரியாத உடல்கள்

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரை நாம் மறந்திருக்க மாட்டோம். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணிக்கும் கருவி அது. தோலிலுள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். அதன் விளைவை மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் எண்களாக வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 விழுக்காடு என்று காட்டிய வேளைகளில், தமனி ரத்தப் பரிசோதனை 88க்கும் கீழே காட்டியது வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. மூச்சுத் திணறியவரைக் கருவி நலமானவர் என்றது.

எவரும் திட்டமிட்டுச் செய்த சதியன்று இது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி பத்துப் பேரிடம் சோதித்தால் போதும்; அவர்களுள் இருவர் கருநிறத்தவராக இருந்தால் போதும். 2025 ஜனவரியில் வெளியான வரைவுதான் அந்த எண்ணிக்கையை 150ஆக உயர்த்தியது.

நிறத்தையும் சாதியையும் ஒன்றெனக் குழப்புவது பிழை. அந்த விவாதத்துக்குள் நாம் இங்கு செல்லவில்லை. நாம் கேட்பது, எவருடைய உடலை மனத்தில் கொண்டு கருவி வடிவமைக்கப்படுகிறது என்பதே. மலக்குழியில் இறக்கப்படுபவரின் நுரையீரலும் கல்குவாரித் தூசியைச் சுவாசிப்பவரின் நெஞ்சும் எந்த ஆய்வகத்தின் ஆய்வுப் பொருளாகின்றன?

நீட் தேர்வு மருத்துவக் கல்லூரியின் வாயிலை அடைத்தபின், நம் மாணவர் பலர் உயிர்மருத்துவப் பொறியியலை நாடுகின்றனர். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் அருந்ததியருக்கான 3 விழுக்காடு உட்பட 18 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும், 1 விழுக்காடு பழங்குடியினருக்கும் உண்டு. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடும் உண்டு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கோ குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அத்தொகை வரும்வரை கல்லூரி காத்திருப்பதில்லை. கடன் வாங்குவது பெற்றோர்தாம்.

எனினும் இளநிலைப் பட்டம் பெரும்பாலும் கருவியைப் பழுதுபார்க்கும் பணிக்கோ விற்கும் பணிக்கோதான் அனுப்புகிறது. அவ்வேலைகளில் இழிவு ஏதுமில்லை. ஆனால் கருவியை வடிவமைப்பதும் எவரிடம் சோதிப்பது என்று முடிவு செய்வதும் பெரிதும் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வகங்களில் நடப்பவை. அங்குதான் கதவு மிகவும் குறுகுகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியக் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.க்களின் அனைத்துத் துறை முனைவர் பட்டச் சேர்க்கையில் அவர்கள் பெற்றவை முறையே 9.1, 2.1 விழுக்காடுதான், அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கு இது. ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்ற பழைய பல்லவி இங்கும் ஒலிக்கிறது. நேர்காணலில் அத்தகுதியை அளப்பவர் எவர் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

மொத்தக் கணக்கில் உயிர்மருத்துவப் பொறியியலின் நிலை மறைந்துவிடுகிறது. எனவே துறைவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்ற மூன்று எண்களையும் மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஆண்டும் கேட்க வேண்டும். மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதிலளிக்க அவர்களுக்குள்ள காலம் 30 நாள்.