மிரட்டலுக்குப் பெயர் திறமையா?

"மானேஜர் கெட்டிக்காரராக இருந்தால் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி தானாகச் செழிக்கும்" என்று உபதேசிக்கிறார்கள் முதலாளிகளின் துதிபாடிகள். அந்தக் கெட்டிக்காரத்தனம் என்ன? ஆந்திர மாநிலத்துப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

நூற்றுக்கு 99 ரூபாய் வசூல் என்று அங்கே மார் தட்டினார்கள். 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். கம்பெனியின் பங்கு விற்பனையில் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் புரண்டது. கிராமங்களிலோ ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்! ஒருத்தி தவணை தவறினால் குழுப் பெண்களையே அவள் மீது ஏவினார்கள். அவமானம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பலர்.

அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டது. மிரட்டல் கூடாது, வாசலில் வசூல் கூடாது, வாரத் தவணை கூடாது. அவ்வளவுதான்! வசூல் நூற்றுக்குப் பத்து, இருபது என்று சரிந்தது. "அரசியல்வாதிகள் கெடுத்தார்கள்" என்று ஒப்பாரி வைத்தார்கள். மானேஜர்கள் அதே மானேஜர்கள்தானே! திறமை எங்கே ஓடிற்று?

கூலி எவ்வளவு, பழைய கடன் எவ்வளவு, வேலையற்ற மாதம் எது என்று விசாரித்து, தாங்கும் அளவுக்குக் கடன் கொடுப்பதே திறமை. கடன் தள்ளிவிட்ட கணக்கையும் வசூல் கணக்கையும் பார்த்தே சன்மானம் கொடுத்தால் அது எப்படி வளரும்?

2022-ல் ரிசர்வ் பாங்கு வட்டி உச்சவரம்பை எடுத்துவிட்டது. ஆனால் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் விதித்தது. தோழர்களே! தாய்மாரே! கடன் தள்ள வருகிறவனிடம் அந்த விதியைக் காட்டுங்கள். தவணை தவறிய சகோதரியின் வாசலில் அவளுக்கு எதிராக அல்ல, அவளுக்குத் துணையாக நில்லுங்கள்!