இயல்பு இருக்கு, உரிமை எங்கே?

'நேச்சுரலைசேஷன்' என்பதைத் தமிழில் இயல்புரிமை என்கிறோம். ஒரு மண்ணில் வாழ்ந்து வாழ்ந்து அதன் இயல்பாகவே ஆகிப்போனவருக்குக் கிடைக்கிற உரிமை. மிளகாய் அப்படித்தான் ஆனது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த அமெரிக்கச் செடியை இன்று யாரும் வந்தேறி என்பதில்லை.

மனுஷன் கதை வேற. 1955 குடியுரிமைச் சட்டப்படி, கடைசி 15 ஆண்டுகளில் 12 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருந்தால் இயல்புரிமை கேட்கலாம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகேறி வந்து, நாற்பது வருஷமாக முகாமில் இருப்பவருக்கு? கிடையாது. ஆவணமின்றி வந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருக்குத் தகுதியே இல்லை என்கிறது 2003 திருத்தம். கோடிங் தெரிந்தவர்களுக்குப் புரியும்: முதல் வரியிலேயே ரிட்டர்ன். கீழே இருக்கிற 12 வருஷக் கணக்கு ஓடவே ஓடாது.

முகாமிலேயே பிறந்த பிள்ளை? 1987 ஜூலை 1-க்குப் பின் பிறந்திருந்தால், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்கணும். 2019 திருத்தம் மூன்று அண்டை நாடுகளுக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை.

இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த ஊர்த் தமிழ் பேசுகிறவளுக்கு இதைவிட எது இயல்பு? சொல்லின் முதல் பாதியை அவள் வாழ்ந்தே சம்பாதித்துவிட்டாள். மீதிப் பாதி அரசு தர வேண்டிய பாக்கி. அதைக் கேட்டால் கருணை, மனிதாபிமானம் என்று பேசாதீர்கள். கடனைத் திருப்பித் தருவதற்குப் பெயர் கருணை இல்லை.